நெல் அவிக்கும் பாய்லரை நாலு மாதம் நிறுத்தும்போது தண்ணீரை வைப்பதா, வடிப்பதா?

அம்பாசமுத்திரம் பக்கம் சின்னதாக ரைஸ்மில் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பிசானப் பருவத்து நெல் அவித்து முடிந்துவிட்டது, இனி கார் பருவத்து நெல் வரும் புரட்டாசி வரை பாய்லருக்கு வேலை இல்லை. விறகும் உமியும் போட்டு எரிக்கிற, மணிக்கு 1 டன் ஆவி தரும் பாய்லர், மேலே கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகையில் நிற்கிறது. ஒருவர் தண்ணீரை முழுக்க நிரப்பி வை என்கிறார், இன்னொருவர் வடித்துவிட்டுத் திறந்து போடு என்கிறார், எதைக் கேட்பது? கடைசி வரியில், போகிற போக்கில், போன வருடம் மறுபடி பற்றவைத்த வாரமே மூன்று குழாய் ஒழுகியது என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. ஓடும்போது நன்றாக இருந்த பாய்லர் சும்மா நின்ற நாலு மாதத்தில் எப்படிக் கெட்டது என்பதுதான் அது. தாமிரபரணிப் பாசனத்து மில்களில் பாய்லர் ஓட்டியும் பழுது பார்த்தும் பல வருடம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், போன வருடம் மாற்றிய குழாய்கள் பழைய இரும்புக்காரரிடம் போகாமல் மில்லில் கிடந்தால் ஒன்றை எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். நம் பக்கத்து சின்ன மில்களில் இருப்பது பெரும்பாலும் தீக்குழாய் பாய்லர். குழாய்க்குள் புகை போகும், குழாயைச் சுற்றி வெளியே தண்ணீர் நிற்கும். குழாயின் உள்பக்கம், அடிப்பாகத்தில் மட்டும் ஒரு பட்டையாக அரித்திருந்தால் அது சாம்பல் செய்த வேலை. வெளிப்பக்கத்தில் அங்கங்கே வட்டமாகக் குழி விழுந்து, மேலே செம்பழுப்பு மூடியும் அதைச் சுரண்டினால் கீழே கறுப்புப் பொடியும் இருந்தால் தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தின்றிருக்கிறது. குழாய் நடுவில் நன்றாக இருந்து, தகட்டில் செருகி விரித்த முனையில் மட்டும் கசிந்திருந்தால் அது துருவே இல்லை. அவசரமாக ஆறவைத்ததாலோ அவசரமாகச் சூடாக்கியதாலோ பிடி தளர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நான் இங்கிருந்து உங்கள் குழாயைப் பார்க்க முடியாது என்பதால் மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே எழுதுகிறேன்.

நிறுத்துகிற நாளிலிருந்தே கவனம் வேண்டும். கடைசி அவிப்பு முடியும் முன் ஒரு மணி நேரமாவது நல்ல காய்ந்த விறகைப் போட்டுத் தீயைப் பலமாக எரியவிடுங்கள். ஈர விறகை மந்தமாக எரித்ததால் குழாயின் கடைசிப் பகுதியிலும் புகைப்பெட்டியிலும் ஒட்டியிருக்கிற பிசுக்குத் தார் ஓரளவு காய்ந்து உதிரும். பிறகு தீயைத் தானாக அடங்கவிட வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அடுப்பில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்கிற வழக்கம் சில மில்களில் உண்டு. செங்கல் வெடிப்பதும் குழாய் முனை தளர்வதும் அங்கேதான் ஆரம்பம். ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் ஆறட்டும்.

தண்ணீரை வடிப்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். பிரஷர் இருக்கும்போதே அடியில் இருக்கிற புளோடவுன் (வடிப்பு) வால்வைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் தள்ளிவிட்டால் சேறெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். தண்ணீர் போய்விடும், செங்கல் சூடு போகாது. அந்தச் சூட்டில் குழாய்மேல் ஒட்டியிருந்த சேறு சுட்ட ஓடு மாதிரி இறுகிவிடும், அப்புறம் உளியால் தட்டினாலும் வராது. கட்டுமானம் கை வைக்கிற அளவு ஆறிய பிறகு, மேலே காற்று வால்வைத் திறந்துவிட்டு வடியுங்கள். காற்று வால்வைத் திறக்க மறந்தால் உள்ளே ஆவி குளிர்ந்து வெற்றிடம் உண்டாகும், தண்ணீர் சரியாக வடியாது, மேன்ஹோல் (ஆள் இறங்குகிற வாய்) கேஸ்கெட்டும் உள்ளே இழுபடும். வடிந்த உடனே மேன்ஹோலையும், சேறு எடுக்கிற மட்ஹோலையும் திறந்து, சேறு ஈரமாக இருக்கும்போதே ஹோஸ் பிடித்துக் கழுவிவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் வேலை நாலு மடங்கு. ஆற்றுத் தண்ணீர் விடுகிற மில்லுக்குச் சேறும் காவியும்தான் இருக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் விடுகிறவர்களுக்கு உப்பு ஓடு கட்டியிருக்கும், அதற்கு வேறு வைத்தியம், இங்கே வேண்டாம்.

இனி சாம்பல். நான் எதையாவது அடித்துச் சொல்வேன் என்றால் இதைத்தான். உள்ளே தண்ணீர் வைக்கிறதா வேண்டாமா என்று ஊரே வாதாடும், ஆனால் சாம்பலை அப்படியே விட்டுப் பூட்டிவிட்டால் நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் குழாய் போய்விடும். சாம்பல் காரம்தானே, காரம் இரும்பைத் தின்னாதே என்று கேட்பவர்கள் உண்டு. தனிக் காரம் இரும்பை அவ்வளவாகத் தொடாது என்பது உண்மை. ஆனால் விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன, அதில் குளோரைடும் கலந்திருக்கும். தென்னை மட்டை, சிரட்டை எரிப்பவர்களுக்கு அது இன்னும் கூடுதல். இந்த உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சி இரும்போடு சேர்ந்து ஈரப் பத்துப் போல உட்கார்ந்துவிடும். அடியில் தார் இருந்தால் அதில் அசிட்டிக் அமிலமும் உண்டு. உமிச் சாம்பல் கதை கொஞ்சம் வேறு. உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அது தானாக ஈரத்தை இழுப்பது குறைவு, ஆனால் கொட்டகைக்குள் அடிக்கிற சாரலை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து எரிக்கிற உங்களுக்கு இரண்டு கெடுதலும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு குழாயிலும் கம்பி பிரஷ் இரண்டு முனைக்கும் போய் வர வேண்டும். பிரஷ் குழாயின் அளவுக்குப் பிடிப்பாக இருக்கட்டும், தேய்ந்த பிரஷ் மேலே தூசியை மட்டும் தள்ளும். குழாயை முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மறந்துபோகிற இடங்கள்தான் ஓட்டையாகும்: புகைப்பெட்டியின் அடிமூலை, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் மறுபக்கம், விறகு எரிகிற கிரேட் கம்பிகளுக்குக் கீழே, புகையை இழுக்கிற ஐடி ஃபேன் கூட்டின் அடிவயிறு, புகையிலிருந்து தூசியைப் பிரிக்கிற சைக்ளோனின் கூம்பு, புகைபோக்கியின் கால். கிரேட் கம்பிகளைக் கழற்றி வெளியே எடுத்து, வளைந்ததைத் தனியாக வையுங்கள். சுரண்டி முடித்ததும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள், இரும்பின் நிறம் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் கூலி ஆகும். ஒரு குழாய் மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அள்ளிய சாம்பலை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். உமிச் சாம்பல் மேட்டின் மேல்தோல் ஆறிச் சாம்பல் நிறமாகத் தெரியும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதில் கால் வைத்து முட்டி வரை வெந்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. பிள்ளைகள் நடமாடாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுங்கள்.

சரி, தண்ணீர் வைப்பதா வடிப்பதா. உங்களிடம் பேசிய இரண்டு பேருமே பாதி சரி. முழுக்க நிரப்பி வைப்பதும் முறைதான், முழுக்க உலர்த்தி வைப்பதும் முறைதான். கெடுதல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதில் இருக்கிறது. தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் பாதி அளவு தண்ணீரோடு பூட்டினால் தண்ணீரும் காற்றும் சந்திக்கிற கோட்டில் வரிசையாகக் குழி விழும். வடித்துவிட்டு அடியில் தேங்கிய நாலு விரல் தண்ணீரோடு விட்டாலும் அப்படித்தான். 'திறந்து போடு' என்பதும் இதில்தான் சேரும். சித்திரை வெயிலில் திறந்து போட்டால் காயும், உண்மை. ஆனால் ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்தால் அம்பாசமுத்திரம், பாபநாசம், கடையம் பக்கத்துக் காற்று வேறு. இரவில் குளிர்ந்த பெரிய இரும்பு காலையில் மெதுவாகத்தான் சூடாகும், அதற்குள் ஈரக்காற்று உள்ளே புகுந்து இரும்பு வேர்த்துவிடும். கோடைதானே, துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறுவது இந்த ஆனி ஆடியில்தான்.

ஒரு மாதத்துக்கு உட்பட்ட நிறுத்தம் என்றால் நான் நிரப்பி வைக்கச் சொல்வேன். ஆனால் வெறும் ஆற்றுத் தண்ணீரை ஊற்றி மூடுவது நிரப்பி வைப்பது ஆகாது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தன் வேலையைச் செய்யும். காற்று வால்வைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். காஸ்டிக் சோடா சேர்த்து தண்ணீரின் பிஎச் 10.5-இலிருந்து 11-க்குள் இருக்கும்படியும், சோடியம் சல்ஃபைட் லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் மீதம் நிற்கும்படியும் பார்க்க வேண்டும். கழுத்து வரை நிரப்பிக் காற்றிடமே இல்லாமல் மூடி, வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். உங்களுக்கு நாலு மாதம். அதுவும் திறந்த கொட்டகை. உள்ளே குளிர்ந்த தண்ணீர் நின்றால் சாரல் காலத்தில் தீப்பக்கம் இன்னும் அதிகமாக வேர்க்கும். ஆகவே உங்கள் பாய்லருக்கு உலர்த்தி வைப்பதே நல்லது என்பது என் முடிவு.

உலர்த்துவது என்றால் வடிப்பதோடு நிற்பதில்லை. அடியில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சாம்பல் சுத்தம் செய்த அடுப்பில் கைப்பிடிச் சுள்ளி அளவுக்குச் சின்னத் தீ, அல்லது மேன்ஹோல் வழியாக ஊதுகிற வெப்பக்காற்று. உள்ளே தண்ணீர் இல்லாத பாய்லர் என்பதை மறந்து விறகைப் போட்டுவிடக் கூடாது, கை பொறுக்கிற சூடு போதும். தண்ணீர் உள்ளே வருகிற ஃபீட் வால்வையும் மெயின் ஸ்டீம் வால்வையும் இறுக மூடுங்கள். பக்கத்துப் பாய்லரோடு ஸ்டீம் லைன் சேர்ந்திருந்தால் நடுவில் தகடு போட்டு அடையுங்கள்.

இதற்குப் பிறகு, உள்ளே மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சத் தட்டுகளில் சுட்ட சுண்ணாம்பை உள்ளே வைக்க வேண்டும். நீற்றாத கட்டிச் சுண்ணாம்பு வேண்டும், வெள்ளையடிக்க நீற்றி வைத்தது உதவாது. ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு ஏறக்குறைய 320 கிராம் ஈரத்தைப் பிடிக்கும். பாய்லர் கொள்ளளவில் ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, நான் கொஞ்சம் கூடவே வைப்பேன். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரம் குடித்ததும் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், வழிந்து குழாய்மேல் விழுந்தால் பத்துப் போட்டது போல ஒட்டிக்கொள்ளும். தட்டை நேரே குழாய்மேல் வைக்காமல் மரக்கட்டைமேல் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஈரக்கண்ணில் சுண்ணாம்புத் தூள் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எல்லாத் திறப்பையும் புதிய கேஸ்கெட்டோடு மூடுங்கள், மூடாவிட்டால் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் அது குடித்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பொடியாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள், ஒரே மாதத்தில் முழுக்கப் பொடியானால் எங்கோ வால்வு கசிகிறது என்று அர்த்தம். சிலிக்கா ஜெல் வாங்க வசதி இருந்தால் அது இன்னும் சுத்தமான வேலை, காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். எதை வைத்தாலும், 'உள்ளே தட்டு இருக்கிறது, எடுக்காமல் தண்ணீர் விடாதே' என்று அட்டையில் எழுதி ஃபீட் வால்விலேயே கட்டித் தொங்கவிடுங்கள். புரட்டாசியில் பற்றவைப்பது வேறு ஆளாக இருக்கலாம்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிமேல் சொல்வதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. சுத்தம் செய்த குழாய்க்குள் பழைய எஞ்சின் ஆயிலை அடிப்பது நம் மில்களில் பரவலான வழக்கம். தீப்பக்கம் மெல்லிய பூச்சாக இருந்தால் துருவைத் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் சுத்தம் செய்யாத குழாயில் அடித்தால் சாம்பலையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகும், முதல் தீயில் புகையும் நாற்றமும் தாங்காது. அடித்தே ஆக வேண்டும் என்றால் புது எண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போகக் கூடாது, இதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. எண்ணெய்ப் படலம் இருக்கிற இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பு பழுத்துவிடும், நுரையும் கிளம்பும். குழாயின் உள்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவலாமா என்றால், உப்பெல்லாம் கரைந்து போகும் என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. கழுவிய அன்றே தீ மூட்டிக் காயவைக்க முடிந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் அடுப்புச் செங்கல் குடித்த தண்ணீர் வாரக்கணக்கில் வேர்த்துக்கொண்டிருக்கும். நான் பிரஷோடு நிறுத்திக்கொள்கிற கட்சி. அடுப்புக்குள் 100 வாட் பல்பு எரியவிடுவதும் ஒரு வழக்கம். இரும்பை வெளிக்காற்றைவிட ஓரிரண்டு டிகிரி சூடாக வைத்தால் வேர்க்காது என்பது அதன் கணக்கு. திறந்த கொட்டகையில் அது எவ்வளவு தாங்கும் என்பது புகைவழியை அடைக்கிற டேம்பரை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இப்போது கடையில் கிடைக்கிற எல்இடி பல்பைப் போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது, பழைய இழை பல்பு வேண்டும்.

புகைபோக்கியின் வாயை மூடாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். மழைத்தண்ணீர் கரியோடு சேர்ந்து நேரே காலுக்கு இறங்கி, அங்கேயே தங்கித் தின்னும். நன்றாகத் தெரிகிற புகைபோக்கி அடியில் சுத்தியலால் தட்டினால் பொத்தென்று உள்ளே போவது இதனால்தான். தகட்டு மூடியைக் கம்பியால் சும்மா கட்டாமல் போல்ட் போட்டு இறுக்குங்கள், ஆனி ஆடிக் காற்று பணகுடி பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்றுதான், சாதாரணமாக நினைக்க வேண்டாம். இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகளையும் அப்போதே பாருங்கள். கன்ட்ரோல் பேனலின் ஒயர் நுழைகிற ஓட்டையை அடையுங்கள், நெல் இல்லாத மில்லில் எலி ஒயரைத்தான் கடிக்கும். ஃபீட் பம்பைத் தண்ணீர் வடித்து, வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடுங்கள். சேஃப்டி வால்வு எந்தப் பிரஷரில் திறக்க வேண்டும் என்று வைத்திருக்கிற அளவில் யாரையும் கை வைக்கவிடாதீர்கள்.

சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்புக்குள் கங்கு எங்காவது கனன்றால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், மணமோ நிறமோ இருக்காது. மூடிக் கிடந்த பாய்லர் டிரம்மில் துருப்பிடிப்பதே ஆக்சிஜனைக் குடித்துத்தான். அதனால் மாதக்கணக்கில் மூடியிருந்ததைத் திறந்த உடனே தலையை விடக் கூடாது. இரண்டு பக்கமும் திறந்து ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, வெளியே ஒரு ஆள் நிற்க, 24 வோல்ட் கைவிளக்கோடு இறங்க வேண்டும். 230 வோல்ட் ஒயரை இழுத்துக்கொண்டு இரும்புக்குள் போகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பாய்லர் திறந்து சுத்தமாக இருக்கிற இந்த நேரத்திலேயே ஆண்டுச் சோதனையையும் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது, ஆனாலும் சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. குழாயின் தடிமன் எவ்வளவு மிச்சம், இந்த வருடம் தாங்குமா என்பதை எழுத்தில் படித்து யாரும் சொல்ல முடியாது, நானும்தான். அதற்குத் தடிமன் பார்க்கிற கருவியும் பாய்லர் இன்ஸ்பெக்டரின் கண்ணும் வேண்டும். குழாய் மாற்றுவதும் வெல்டிங்கும் அனுமதி வாங்கி, அங்கீகாரம் உள்ளவரை வைத்துத்தான்.

இடையில் கிடைக்கிற நாலு மாதத்தை விறகுக்குப் பயன்படுத்துங்கள். வேலிக்கருவையை இப்போதே பிளந்து, கல்லோ கட்டையோ போட்டு அதன்மேல் அடுக்கி, மேல்பக்கம் மட்டும் மூடி வைத்தால் புரட்டாசிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர், அதை விரட்டவே தீயில் ஒரு பகுதி செலவாகும், தாரும் அதனால்தான்.

மறுபடி பற்றவைக்கும்போது தட்டுகளை எண்ணி வெளியே எடுத்து, உள்ளே கழுவி, குளவிக்கூடும் அணில்கூடும் இல்லையா என்று குழாய் ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுப்படியில் பாம்பு படுத்திருப்பதும் நம் ஊரில் சாதாரணம். தண்ணீர் குறைந்து சூடேறினால் உருகி ஆவியை வெளியேவிடுகிற உருகு பிளக்கின் இரண்டு பக்கமும் சுத்தமா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். முதல் நாள் பிரஷர் ஏற்ற வேண்டாம், காற்று வால்வைத் திறந்து வைத்து, செங்கலின் ஈரம் போகிற அளவுக்குச் சின்னத் தீ. இரண்டாம் நாளிலிருந்து மெதுவாக ஏற்றி, கேஜ் கிளாஸையும் சேஃப்டி வால்வையும் சோதித்து, ஆவி வந்த சூட்டில் மேன்ஹோல் நட்டுகளை இன்ஸ்பெக்டர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முதல் வாரம் தினமும் புகைப்பெட்டிக் கதவைத் திறந்து குழாய் முனைகளைப் பாருங்கள். ஈரக்கோடு தெரிந்தால் அன்றே நிறுத்தி, ஆறவைத்து, முனையை விரிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.